கண்டியின் மூன்று வாயில்களும் ஒரு பஸ் தடமும்

கண்டி நகரின் வாகன நெரிசலை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது அதன் நிலவமைப்பையே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த இந்தப் பள்ளத்தாக்கின் தெற்கே ஹந்தானை மலைத்தொடர் எழுந்து நிற்க, மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் மகாவலி கங்கை வளைந்து வளைந்து ஓடி நகரைச் சூழ்ந்துகொள்கிறது. ஆற்றைக் கடக்காமலோ மலைக்கணவாயில் ஏறாமலோ எந்தப் படையும் உள்ளே வரமுடியாது என்பதனாலேயே இந்த இடம் தலைநகராக நிலைத்தது. கரையோரத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் இந்த இராச்சியத்தை நிலையாகப் பிடித்துவைக்க முடியாமற் போனதற்கும், 1815 வரை அது தனித்து நின்றதற்கும் இதுவும் ஒரு காரணம். அன்று பகைவரைத் தடுத்த அதே நிலவமைப்பு இன்று ஒவ்வொரு நாள் காலையிலும் பாடசாலை மாணவரையும் அலுவலக ஊழியரையும் நோயாளரையும் தடுத்து நிறுத்துகிறது.

நகருக்குள் நுழையும் வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை மூன்று வாயில்களின் வழியாகவே வருகின்றன. மேற்கு வாயில் பேராதனை: கொழும்பிலிருந்து கடுகண்ணாவ ஏற்றத்தைக் கடந்து வரும் ஏ1 வீதியும், பதுளைப் பக்கமிருந்து நுவரெலியா, கம்பளை வழியாக வரும் ஏ5 வீதியும் அங்கே ஒன்றுசேர்ந்து கெட்டம்பே ஊடாக நகரை அடைகின்றன. வடக்கு வாயில் கட்டுகஸ்தோட்டை. யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ9 வீதியும் குருநாகல், புத்தளம் நோக்கிச் செல்லும் ஏ10 வீதியும் அங்கே கைகோக்கின்றன. கிழக்கே தென்னக்கும்புரப் பாலத்தின் வழியாக மஹியங்கனை வீதியான ஏ26 வருகிறது. குண்டசாலை, பல்லேகலை, திகன, தெல்தெனிய மக்கள் நகருக்கு வரும் பிரதான வழி அதுவே. லேவெல்ல, ஹல்லொலுவ போன்ற சிறிய வழிகள் உண்டெனினும், ஐந்து தேசிய நெடுஞ்சாலைகளின் சுமையை மூன்று பாலங்களின் அருகே உள்ள சந்திகள் தாங்குகின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

சுமையின் தன்மையும் கவனிக்கத்தக்கது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 13.7 இலட்சம், மாநகர எல்லைக்குள் வசித்தவர்களோ ஏறத்தாழ 1 இலட்சம் பேர் மட்டுமே. ஆயினும் மாகாணத்தின் பெரிய வைத்தியசாலை, பெயர்பெற்ற பாடசாலைகள், நீதிமன்றங்கள், வங்கிகள், மொத்த வியாபாரக் கடைகள் யாவும் அந்தச் சிறிய எல்லைக்குள் நெருங்கி நிற்பதால், அக்குறணை, வத்தேகம, கலஹா, பிலிமத்தலாவ ஆகிய ஊர்களிலிருந்து மக்கள் ஒரே நேரத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் புறப்படுகிறார்கள். இதற்கு மேலாக, 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையின் முன்பாக நிகழ்ந்த குண்டுத் தாக்குதலின் பின்னர் மாளிகைக்கு முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதால், கிழக்கிலிருந்து வருபவை கண்டி வாவியைச் சுற்றிக்கொண்டே நகரின் மறுபக்கத்தை அடைய வேண்டியதாயிற்று. நெரிசலைக் குறைக்கும் திட்டம் எதுவாயினும் புறநகர் மக்களை நகருக்குக் கொண்டுவரும் முறையிலேயே தொடங்க வேண்டும். நகர எல்லைக்குள் மட்டும் செய்யப்படும் ஒருவழிப்பாதை மாற்றங்களால் பெரும்பயன் விளையாததன் காரணம் இதுதான்.

புறநகர் மக்களைக் குறைந்த செலவில் விரைவாகக் கொண்டுவரும் வழிகளுள் உலகெங்கும் பேசப்படுவது விரைவுப் பஸ் போக்குவரத்து என்னும் முறையாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் பி.ஆர்.டி. என்றும் இது சுட்டப்படுகிறது. புகையிரதத்துக்குரிய ஒழுங்கைப் பஸ்ஸுக்கு வழங்குவதே இதன் உட்கருத்து. பஸ்ஸுக்கென வீதியில் ஒதுக்கப்பட்ட தனித்தடம், பஸ்ஸின் தளத்துக்குச் சமமான உயரத்தில் கட்டப்பட்ட மேடையுடைய தரிப்பிடம், ஏறுவதற்கு முன்பே கட்டணம் செலுத்தும் ஏற்பாடு, சந்திகளில் பஸ் வரும்போது பச்சை விளக்கை நீட்டிக்கும் சமிக்ஞை முறை, சில நிமிடங்களுக்கு ஒன்றாகத் தவறாது வரும் சேவை ஆகியவை அதன் உறுப்புகள். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் பஸ் தனித்தடங்களை அமைத்து இதற்கு வழிகாட்டியது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 2000ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ‘டிரான்ஸ்மிலேனியோ’, ஒரு மணித்தியாலத்தில் ஒரு திசையில் 40,000க்கும் அதிகமானோரைக் கொண்டுசென்று, மெட்ரோ புகையிரதத்தால் மட்டுமே இயலும் என்று கருதப்பட்ட வேலையைப் பஸ்ஸாலும் செய்யலாம் என்று காட்டியது. இந்தியாவில் அகமதாபாத் 2009இல் ‘ஜன்மார்க்’ என்ற பெயரில் இதனைத் தொடங்கியது.

தனித்தடம் என்றதும் வீதியில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்வதாகவே பலர் எண்ணுவதால், எளிய கணக்கு ஒன்றை இங்கே பார்ப்பது நல்லது. சந்திகள் நிறைந்த நகர வீதியின் ஒரு தடத்தில் ஒரு மணித்தியாலத்தில் 800 கார்கள் செல்வதாகவும், ஒரு காரில் சராசரியாக ஒன்றரைப் பேர் இருப்பதாகவும் கொண்டால், அத்தடம் 1,200 பேரைக் கொண்டுசெல்கிறது. அறுபது பேர் பயணிக்கும் 20 பஸ்கள், அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ், அதே 1,200 பேரைக் கொண்டுசென்றுவிடும். அந்தத் தடத்தின் பெரும்பகுதி அப்போதும் வெறுமையாகவே இருக்கும். வெறுமையாகத் தெரிவதே அதன் அரசியல் இடர்ப்பாடு: நெரிசலில் நிற்கும் கார்ச் சாரதியின் கண்ணுக்கு, பக்கத்துத் தடம் வீணாகக் கிடப்பதாகவே படும்.

பயண நேரம் குறைவதால் விளையும் இன்னொரு நன்மை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஒரு வழித்தடத்தில் 12 பஸ்கள் ஓடுகின்றன என்றும், போய்த் திரும்ப ஒவ்வொன்றுக்கும் 2 மணித்தியாலம் ஆகிறது என்றும் வைத்துக்கொண்டால், மணித்தியாலத்துக்கு 6 பஸ்கள் கிடைக்கும். தனித்தடத்தால் அந்தச் சுற்று 80 நிமிடமாகக் குறைந்தால், ஒரு பஸ்ஸும் புதிதாக வாங்காமலே மணித்தியாலத்துக்கு 9 பஸ்கள் கிடைக்கும். நெரிசலில் கழியும் நேரம் பயணிக்கு இழப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அது பஸ் உரிமையாளருக்கும் டீசலாகவும் சம்பளமாகவும் தவறிப்போன ஓட்டமாகவும் இழப்பே என்பது அவ்வளவாக உணரப்படவில்லை.

இனி, பொகோட்டாவின் அகன்ற வீதிகளுக்குப் பொருந்திய வடிவம் கண்டிக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது. வீதியின் நடுவே இரு திசைக்கும் ஒவ்வொரு தடம், இடையே தரிப்பிட மேடை என்றால் ஏறத்தாழ 10 மீற்றர் அகலம் பஸ்ஸுக்கு மட்டுமே தேவை. ஒரு பஸ் மற்றதை முந்திச் செல்லவும் இடம் வேண்டுமாயின் இன்னும் அதிகம். மஹையாவவிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை இருபுறமும் கடைகள் வாசலோடு வாசலாக நிற்கும் ஏ9 வீதியில் அதற்கு இடமில்லை என்பதைச் சொல்லப் பொறியியலாளர் வேண்டியதில்லை. கண்டி தன் முன்னோடியாகக் கொள்ளத்தக்க நகரம் ஈக்குவடோரின் தலைநகரான கித்தோ என்றே சொல்லவேண்டும். மலைகளுக்கு நடுவே நீண்டு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்த அந்நகரின் பழைய பகுதி, 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக வெளியிட்ட உலக மரபுரிமைப் பட்டியலிலேயே இடம்பெற்றது. அங்கே 1995 டிசம்பரில் தொடங்கிய மின்கம்பிப் பஸ் சேவை, நகரின் அகன்ற பகுதிகளில் தனித்தடத்திலும், மரபுரிமைப் பகுதியின் ஒடுங்கிய தெருக்களில் மற்ற வாகனங்களைக் கட்டுப்படுத்தி அவற்றின் வழியாகவும் செல்கிறது. 1988இல் மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்ட கண்டிக்கு, கட்டடங்களை இடிக்காமல் தெருவின் பயன்பாட்டை மட்டும் மாற்றிய இந்த வழி உகந்தது.

திட்டமிடுவோர் முன்பாக உள்ள அடுத்த தெரிவு, மூடிய முறையா, திறந்த முறையா என்பது. மூடிய முறையில் தனித்தடத்துக்கென்றே வாங்கப்பட்ட பஸ்கள் அதற்குள் மட்டுமே ஓடும். கிராமத்துப் பயணி தடத்தின் முனையில் இறங்கி மாறி ஏறவேண்டும். திறந்த முறையில் பல ஊர்களிலிருந்தும் புறப்படும் பஸ்கள் நெரிசல் மிகுந்த பகுதியை அடையும்போது தனித்தடத்தில் நுழைந்து, அதன் பயனைப் பெற்று, நகரைச் சேரும். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான குடியிருப்புகளுக்கும் தோட்டங்களுக்கும் கண்டியிலிருந்து பஸ் போகிறது; கலஹாவிலிருந்து வருபவரைப் பேராதனையிலும், வத்தேகமவிலிருந்து மடவளை வழியாக வருபவரைக் கட்டுகஸ்தோட்டையிலும் இறக்கி, மழையில் நிற்கவைத்து, இன்னொரு டிக்கட் எடுக்கச் சொல்லும் திட்டத்தை மக்கள் ஏற்கமாட்டார்கள். இலங்கையின் கட்டண முறையில் பஸ் மாறும் ஒவ்வொரு தடவையும் ஆகக்குறைந்த கட்டணம் மீண்டும் அறவிடப்படுவதால், மாறி ஏறுதல் நேரத்தோடு பணத்தையும் தின்கிறது. ஆகவே கண்டிக்குத் திறந்த முறையே பொருந்தும்.

ஆனால் திறந்த முறைக்குரிய எச்சரிக்கை டெல்லியிலிருந்து வருகிறது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீற்றர் நீளத்துக்கு 2008இல் திறக்கப்பட்ட தனித்தடம், பஸ் பயணிகளின் நேரத்தை மிச்சப்படுத்தியபோதிலும் கார் உரிமையாளரின் கோபத்துக்கு இலக்காகியது. தடத்தை நீக்கக் கோரிய மனுவை 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் நிராகரித்தும், 2016இல் அது இடித்து அகற்றப்பட்டது. குறைந்த நீளத்தில் தொடங்கி நின்றுபோனதும், சந்திகளில் சமிக்ஞை நேரம் மிக நீண்டதும், தடத்துக்குள் ஓடிய பஸ்களின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்த எவரும் இல்லாததும் அதன் குறைகள். எந்தப் பஸ்ஸும் நுழையலாம் என்று விட்டுவிட்டால், பஸ்களே பஸ்களுக்கு நெரிசலாகிவிடும். கண்டியில் இந்த ஆபத்து டெல்லியைவிட அதிகம். அதற்கான காரணம் வீதியில் அன்றிப் பஸ்ஸின் வருமான முறையில் இருக்கிறது.

இலங்கையில் பஸ் சேவை 1958 ஜனவரி 1ஆம் திகதி தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அதன் பின் வளர்ந்த தனியார் துறையோ பெருநிறுவனங்களின் கைக்குப் போகாமல், ஒன்றோ இரண்டோ பஸ் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களின் கைகளில் சிதறியது. உரிமையாளருக்கு வழித்தட அனுமதிப்பத்திரம் இருக்கிறது. சாரதியும் நடத்துனரும் பெறுவது பெரும்பாலும் அன்றைய வசூலைப் பொறுத்தது. ஒரே வழியில் முன்னால் செல்லும் பஸ்ஸும் பின்னால் வரும் பஸ்ஸும் ஒரே பயணிக்காகப் போட்டியிடுகின்றன, இ.போ.ச. பஸ்ஸோ இருவருக்கும் போட்டியாக இடையில் வருகிறது. கூட்டு நேர அட்டவணை என்ற ஏற்பாடு இந்த இரு தரப்பையும் ஒழுங்குபடுத்துவதற்கெனவே கொண்டுவரப்பட்டது. அதுவே பல வழித்தடங்களில் தீராத பிணக்குக்கும் பொருளாயிற்று.

இதன் விளைவை எந்தக் காலை வேளையிலும் கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் காணலாம். பஸ் தரிப்பிடத்தில் நின்ற வண்டி, இருக்கைகள் நிரம்பிய பின்பும் நகராமல், முன்சில்லை மட்டும் அசைத்து அசைத்து நிற்கிறது; நடத்துனர் மிதிபலகையில் தொங்கியபடி ‘நுவர, நுவர’ என்று ஊரைக் கூவுகிறார்; உள்ளே ஏறியவர்களை ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ என்று முன்னே நெருக்குகிறார். பின்னால் அடுத்த பஸ்ஸின் ஹோன் கேட்டதும், நேரக்காப்பாளரின் கொப்பியில் பதிந்த நேரத்தைச் சரிக்கட்ட அதே வண்டி வேகமெடுத்து, நடுவில் உள்ள ஹோல்ட்டுகளில் நிற்காமலே பறக்கிறது. தாமதமும் வேகமும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. நின்றால் வசூல், ஓடினால் வசூல் என்ற கணக்கில் இயங்கும் ஒருவரைத் தனித்தடத்தில் விட்டால், அந்தத் தடமே பஸ் நிறுத்துமிடமாக மாறிவிடும். சாரதிகளையும் நடத்துனர்களையும் ஒழுக்கமற்றவர்கள் என்று ஏசுவது எளிது. அவர்களின் சம்பள முறை அந்த நடத்தையைத்தான் கேட்கிறது.

பொகோட்டா செய்த உண்மையான மாற்றம் இந்த இடத்தில்தான். அதுவும் சிறு உரிமையாளர்களின் பஸ்கள் பயணிக்காகப் போட்டியிட்டு ஓடிய நகரமாகவே இருந்தது; அவர்கள் நிறுவனங்களாக ஒன்றுசேர்க்கப்பட்டு, அந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்யப்பட்டு, ஏற்றிய பயணிகளின் தொகைக்கு மாறாக ஓடிய கிலோமீற்றரை முதன்மை அளவாகக் கொண்டு பணம் கொடுக்கப்பட்டது. கட்டண வசூல் முழுவதும் பொதுக் கணக்கொன்றில் சேரும். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் பஸ் இருந்தது என்பதைக் கட்டுப்பாட்டு நிலையம் கண்காணிக்கும். சொன்ன நேரத்தில் வராவிட்டால் கொடுப்பனவு குறையும் என்ற நிலையில், தரிப்பிடத்தில் ஆளுக்காகக் காத்திருப்பதில் எவருக்கும் இலாபமில்லை.

இந்த நோக்கில் பார்த்தால், பிறநாட்டுப் பாடநூல்கள் விரைவுப் பஸ் முறையின் உயிர்நாடியாகக் கூறும் முன்கட்டண ஏற்பாடு கண்டியில் வேறொரு பொருள் பெறுகிறது. ஏறும்போது வாசலில் சாரதியிடம் பணம் கொடுக்கும் நாடுகளில், அந்த ஏற்பாடு தரிப்பிடத்தில் வீணாகும் நேரத்தைக் குறைக்கிறது. இலங்கையிலோ பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடத்துனர் டிக்கட் கொடுப்பதால் அந்த நேரம் ஏற்கெனவே மிச்சமாகியிருக்கிறது. இங்கே கட்டணத்தை அட்டை வழியாகவோ தரிப்பிடத்திலோ பெறுவதன் முதற்பயன், அன்றைய வசூல் பஸ்ஸின் பைக்குள் போகாமல் பொதுக் கணக்குக்குப் போவதும், பஸ் மாறுபவருக்கு இரண்டாவது கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடிவதுமே ஆகும். ஏறுவதில் தாமதம் உண்டாக்குவது வேறொன்று: இரண்டு மூன்று உயரமான படிகள். முதியவரும், சேலை கட்டிய பெண்ணும், பொதியோடு வரும் வியாபாரியும் அந்தப் படிகளில் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டால், தாழ்தளப் பஸ்ஸின் விலை அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

ஒப்பந்தம் செய்துகொள்வது யார் என்று கேட்டால் சிக்கல் தொடங்குகிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்கள் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையின் கீழ் வந்தன. மாகாணம் கடந்து ஓடுபவை 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பு. இலங்கைப் போக்குவரத்துச் சபை மத்திய அமைச்சுக்குரியது. ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும், அடுத்த நிலை வீதிகள் மாகாணத்திடமும், நகரின் உள்வீதிகள் மாநகரசபையிடமும் இருக்க, போக்குவரத்து ஒழுங்கு பொலிஸாரின் கையில் உள்ளது. கொழும்பிலிருந்து வரும் பஸ், திகனவிலிருந்து வரும் தனியார் பஸ், கண்டி தெற்கு டிப்போவின் பஸ் ஆகிய மூன்றும் கெட்டம்பேயிலோ வாவிக்கரையிலோ ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது, அம்மூன்றையும் கட்டுப்படுத்தும் ஒரே அலுவலகம் நாட்டில் எங்கும் இல்லை. புறநகரோ கங்கவட்ட கோறளை, யட்டிநுவர, உடுநுவர, ஹாரிஸ்பத்துவ, பாத்ததும்பர, குண்டசாலை, அக்குறணை எனப் பல பிரதேச செயலாளர் பிரிவுகளில் பரந்து கிடக்கிறது. ஜப்பானிய உதவி நிறுவனமான ஜய்க்காவும் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் சேர்ந்து 2018 அளவில் பெருங்கண்டிக்கான நகரத் திட்டமொன்றை வரைந்தபோது மாநகர எல்லையைக் கடந்து நோக்கியது சரியான தொடக்கமே. அந்தப் பெரிய எல்லைக்கு ஒரு போக்குவரத்து அதிகாரம் இன்னும் பிறக்கவில்லை.

கட்டுமானத்தில் கண்ட முன்னேற்றம் நிலையத்தைப் பற்றியது. கண்டிக்கு வரும் பஸ்கள் குட்ஷெட், மணிக்கூட்டுக் கோபுரம், டொரிங்டன் எனத் தனித்தனி நிலையங்களில் பிரிந்து நின்றதால், ஒரு திசையிலிருந்து வந்து மறு திசைக்குப் போகும் பயணி நெரிசலின் நடுவே நடந்து மாறவேண்டியிருந்தது. பஸ்களும் வெறுமையாக ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரின் இதயத்தைக் கடந்து சென்றன. இவற்றை ஒருங்கிணைத்து, புகையிரத நிலையத்தின் அருகே குட்ஷெட் வளாகத்தில் பன்முகப் போக்குவரத்து நிலையம் கட்டும் திட்டத்துக்கு 2020இல் உலக வங்கி ஏறத்தாழ 7 கோடி அமெரிக்க டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. பஸ்ஸும் புகையிரதமும் ஒரே கூரையின் கீழ் சந்திப்பது வரவேற்கத்தக்கது. எனினும், மூன்று வாயில்களிலும் எதுவும் மாறாமல் நடுவில் மட்டும் பெரிய நிலையம் எழுந்தால், சிக்கிச் சிக்கி வந்துசேரும் பஸ்களுக்கு அழகான முடிவிடம் கிடைக்கும், அவ்வளவே. பஸ்கள் அங்கே நெடுநேரம் நிற்காமல் ஆளை இறக்கி ஏற்றி மறுபக்கம் போய்விடும் ஊடுசேவைகள், உதாரணமாகப் பேராதனையிலிருந்து நகரம் ஊடாகத் திகன வரை ஒரே பஸ், அமைந்தால்தான் அந்தக் கட்டடத்தின் பயன் முழுமையாகும்.

எந்த வாயிலில் தொடங்குவது? அரசியல் கவர்ச்சி மேற்குக்கு உண்டு. கொழும்பு வீதியில் செய்வது எல்லோர் கண்ணிலும் படும். ஆயினும் கிழக்கில் தொடங்குவதே புத்திசாலித்தனம். மாகாண சபைக் கட்டடமும் கைத்தொழில் வலயமும் கிரிக்கெட் விளையாட்டரங்கும் பல்லேகலையில் அமைந்ததிலிருந்து குண்டசாலை, திகனப் பக்கம் வேகமாக வளர்கிறது. அதேவேளை வீதியோரம் இன்னும் முழுமையாகக் கட்டடங்களால் அடைபடவில்லை. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் வாஷிங்டன் நகரின் புறநகராக உள்ள மொன்ட்கொமரி மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே எந்தெந்த வீதிகளில் விரைவுப் பஸ் ஓடும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை வரையறுக்கும் மாவட்டப் பெருந்திட்டம் 2013இல் நிறைவேற்றப்பட்டது. ‘பிளாஷ்’ என்ற பெயருடைய முதல் சேவை ஓடத் தொடங்கியதோ 2020இல். அதுவும் முழு நீளத்துக்கும் தனித்தடம் கட்டிக்கொண்டிராமல், ஒரு பகுதியில் நெடுஞ்சாலையின் ஓரப்பட்டையையே பஸ்ஸுக்குத் திறந்துவிட்டு, மற்றப் பகுதியில் பிற வாகனங்களோடு கலந்து ஓடியது. பணம் வருவதற்கு முன் நிலத்தைக் காப்பது, முழுமையாகக் கட்டுவதற்கு முன் சேவையைத் தொடங்குவது என்ற இந்த ஒழுங்கைத் திகன வீதியில் பின்பற்றலாம். பின்னாளில் நட்டஈடு கொடுத்துக் கடைகளை உடைப்பதைவிட, இன்று வரைபடத்தில் ஒரு கோடு போடுவது மிக மலிவானது.

தென்னக்கும்புரப் பாலத்தின் அருகில் தேவையானது நீண்ட தனித்தடமன்று. சந்திக்கு முன்னுள்ள நூறு இருநூறு மீற்றரில் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு தடத்தை ஒதுக்கி, சமிக்ஞையில் மற்ற வாகனங்களுக்குச் சில விநாடி முன்பே அதற்குப் பச்சை காட்டினால், வரிசையின் கடைசியில் வந்த பஸ் முதலாவதாகப் பாலத்தில் ஏறும். வரிசை முந்தும் தடம் என்று இதனைச் சொல்லலாம். பாலத்தை அகலமாக்காமலே பாலத்தின் பயனைப் பஸ்ஸுக்கு முதலில் கொடுக்கும் உபாயம் இது. இடம் குறைந்த மூன்று வாயில்களிலும் இதுவே முதற்கருவியாக இருக்க வேண்டும்.

மேற்கில் வேறு வசதி உண்டு. கெட்டம்பேயிலிருந்து நகர் வரை சிறிமாவோ பண்டாரநாயக்க மாவத்தையும் வில்லியம் கோபல்லாவ மாவத்தையும் ஏறத்தாழ இணையாகச் செல்கின்றன; ஒன்றில் உள்வரும் பஸ்ஸுக்கும் மற்றதில் வெளிச்செல்லும் பஸ்ஸுக்கும் தடம் ஒதுக்கினால், எந்த வீதியிலும் இரு தடங்களை இழக்க நேராது. போகும் தரிப்பிடமும் வரும் தரிப்பிடமும் வெவ்வேறு வீதிகளில் அமைவது பயணிக்கு இடைஞ்சலே, ஆனாலும் தாங்கக்கூடிய இடைஞ்சல். 1867இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதையும் இதே பக்கத்தில் செல்வதால், பேராதனை, கம்பளைப் பயணிகளில் ஒரு பகுதியினரைப் புகையிரதத்துக்கு மாற்றும் புறநகர்ச் சேவையையும் இதே திட்டத்தின் உறுப்பாகவே கருத வேண்டும். வடக்கே கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளைக்குச் செல்லும் பாதை 1880இலிருந்தே இருக்கிறது. ஒடுங்கிய ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு இடம் தேடி அலைவதற்கு முன், பக்கத்திலேயே மற்றெவருக்கும் இடம் விடாத ஒரு தனித்தடம் தண்டவாளமாகக் கிடப்பதைத் திட்டமிடுவோர் நினைவிற் கொள்வது நல்லது. வடக்கு வாயிலுக்கு அப்பால் அக்குறணையில் பிங்கா ஓயா பெருக்கெடுக்கும்போதெல்லாம் ஏ9 வீதி வெள்ளத்தில் மூழ்குவது வழக்கமாகிவிட்டதால், அங்கே வடிகாலைச் சீராக்காமல் தரிப்பிட மேடை கட்டுவது பணத்தை ஓயாவில் விடுவதற்கு ஒப்பாகும்.

மலைநாட்டில் வீதியை அகலமாக்குவது என்றால் பெரும்பாலும் சரிவை வெட்டுவது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. வீதிகளும் புகையிரதப் பாதைகளும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டன. புதிய வெட்டும் புதிய சுரங்கமும் கேட்கும் திட்டங்களைவிட, இருக்கும் தாரில் கோடு மாற்றி வரையும் திட்டத்துக்கு இங்கே முன்னுரிமை கொடுக்க இதைவிட வலுவான நியாயம் தேவையில்லை. பள்ளத்தாக்கில் புகை தேங்கி நிற்பதைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருவதும், மேலும் வாகனங்களுக்கு வீதி வெட்டுவதைவிட இருக்கும் வீதியைப் பஸ்ஸுக்கு ஒதுக்கும் இதே திசையைக் காட்டுகிறது.

எதிர்ப்பு வரும் என்பதில் ஐயமில்லை. வாசலில் வாகனம் நிறுத்த முடியாமற்போகும் கடைக்காரரும், ஹோல்ட்டின் அருகே காத்திருந்து பிழைக்கும் முச்சக்கரவண்டிச் சாரதியும், அனுமதிப்பத்திரத்தின் மதிப்பை இழக்க அஞ்சும் பஸ் உரிமையாளரும் குரல் எழுப்புவார்கள். இவர்களுள் முதலில் உட்காரவைத்துப் பேசப்பட வேண்டியவர் பஸ் உரிமையாளரே. எசல பெரஹராக் காலத்தில் நகரின் வீதிகள் மூடப்பட்டு, பஸ்கள் வேறு இடங்களில் நிறுத்தப்பட்டு, மக்கள் நடந்து வருவதை இந்த நகரம் ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது. வீதியை எதற்கு முதலில் ஒதுக்குவது என்று முடிவு செய்யும் திறமை கண்டிக்குப் புதிதன்று. கொழும்பில் 2017இல் ராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கத்தில் பஸ் முன்னுரிமைத் தடம் பரீட்சிக்கப்பட்டபோது தேவைப்பட்டவை வீதிக் கோடுகளும் பொலிஸாரும் மட்டுமே. திகன வீதியில் அத்தகைய பரீட்சார்த்தம் ஒன்றை, கிலோமீற்றருக்குப் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தோடு சேர்த்து, மத்திய மாகாணம் தானே தொடங்கலாம். தனியார் பஸ்ஸின் அனுமதிப்பத்திரத்தை வழங்குவதும் புதுப்பிப்பதும் மாகாணத்தின் அதிகாரத்துக்குள் வருகின்றன. எதிர்கால வீதிக்கோட்டை வரையறுத்து, அதற்குள் புதிய கட்டடம் எழாமல் தடுக்கும் அதிகாரமோ 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ளூராட்சி மன்றங்களுக்கு உண்டு. இவ்விரண்டுக்கும் வெளிநாட்டுக் கடன் எதுவும் தேவையில்லை.